எண்பத்து மூன்று மைலில் ட்வைலாவின் படகு

ட்வைலா பென்னிங் அந்தப் படகை என் பட்டறைக்கு இழுத்து வந்த அன்று அவள் வலது மணிக்கட்டில் கட்டு போட்டிருந்தாள். எங்கேயாவது விழுந்துவிட்டாளா என்று கேட்டேன். விழவில்லை, ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பிடித்து வந்த வினை என்றாள்.

இருபத்தோரு அடிப் படகு. அடிப்பாகம் கத்தி போல் கூர்மையானது. பின்னால் இருநூற்று இருபத்தைந்து குதிரைத்திறன் எஞ்சின் தொங்கியது. தூண்டில் போடவோ குடும்பத்தோடு உலாப் போகவோ அல்ல, வேகத்துக்கென்றே செய்த படகு. எங்கள் ஓசார்க் ஏரியில் அப்படிப்பட்டவை நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றை ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்புக் கண்ணாடி போட்ட ஆண்கள். ட்வைலா பக்கத்து ஊரான கேம்டன்டனில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நாற்பத்தாறு வயது.

"பத்தொன்பது வருஷமா அம்பத்திரண்டு பிள்ளைங்களோட நாப்பத்தஞ்சு மைலுக்கு மேல போனதில்ல, ஆரின். ஒரு தடவையாவது எம்பதைப் பாக்கணும்" என்றாள்.

படகு எழுபதைத் தொட்டதும் இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து ஆடுகிறதாம். வாத்து நடப்பது மாதிரி என்று கையை ஆட்டிக் காட்டினாள். அந்த ஆட்டம் எனக்குத் தெரியும். வேகம் ஏற ஏறப் படகு தண்ணீரைவிட்டு எழும்பி, கடைசியில் பின்பக்கத்து ஒரு முழம் மட்டும்தான் தண்ணீரில் படும். அந்த ஒரு முழத்தின்மேல் ஒன்றரை டன் நிற்க வேண்டும். ஓட்டுகிறவர் விநாடிக்கு விநாடி ஸ்டீயரிங்கைத் துளித்துளியாகத் திருத்திக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். அவள் படகில் ஸ்டீயரிங் சக்கரத்தை எஞ்சினோடு இணைத்திருந்ததோ பழைய இரும்புக் கேபிள். சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். எஞ்சின் அசைவதற்கு முன் இரண்டு விரல் அகலத்துக்குச் சும்மா சுற்றியது. அவள் செய்கிற திருத்தம் படகுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்கிறது. அதற்குள் படகு மறுபக்கம் சாய்ந்துவிடும். போதாததற்கு, ப்ரொபெல்லர் சுழல்கிற விசை முழுவதும் கேபிள் வழியாக வந்து சக்கரத்தை ஒரே பக்கம் இழுக்கும். மணிக்கட்டு வீங்காமல் என்ன செய்யும்?

படகை அவளுக்கு விற்றவன் டெல்மர் ரஸ்க். பெட்ரோல் போடும் படகுத்துறையில் பத்துப் பேர் முன்னால் அவளைப் பார்த்து, "பஸ் ஓட்டுன கை பஸ்ஸுக்குத்தான். இதுக்குத் தோள் வேணும்" என்று சொல்லியிருக்கிறான். அதை அவளே சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்ததும் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

தோள் தேவையில்லை, ஹைட்ராலிக் ஸ்டீயரிங் போதும் என்றேன். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன பம்ப், எஞ்சினுக்கு முன்னால் ஒரு சிலிண்டர், இரண்டுக்கும் நடுவே எண்ணெய் ஓடும் இரண்டு குழாய்கள். சக்கரத்தைத் திருப்பினால் எண்ணெய் போய் எஞ்சினைத் தள்ளும். எஞ்சின் திருப்பித் தள்ள நினைத்தால் பம்புக்குள் இருக்கும் வால்வு வழிவிடாது. தானும் கூட நின்று வேலை செய்வதாக இருந்தால் போடலாம் என்றாள். சரி என்றேன்.

பழைய கேபிளைக் கழற்றவே ஒன்றரை நாள் ஆனது. அது எஞ்சின் குழாய்க்குள் துரு ஏறி வேர்விட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது. எண்ணெய் விட்டோம், சூடு காட்டினோம், சுத்தியால் தட்டினோம். இடது கையாலேயே அவள் தட்டிய தட்டில் கடைசியில் ஒரு முனகலோடு வெளியே வந்தது. அதன் பிறகு சக்கரம் மாட்டியிருந்த பலகையில் துளையைப் பெரிதாக்கிப் பம்பைப் பொருத்தி, படகின் பக்கச் சுவருக்குள் குழாய்களை எங்கேயும் உரசாமல் கொண்டுபோய், சிலிண்டரை மாட்டினேன்.

எண்ணெய் ஊற்றிய பிறகு குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுவதுதான் பொறுமையைச் சோதிக்கிற வேலை. குழாயில் ஒரு குமிழி தங்கினாலும் சக்கரம் பஞ்சு மாதிரி அமுங்கும். அவள் சக்கரத்தைக் கடைசிவரை திருப்ப, நான் பின்னால் குந்தி சிலிண்டரின் வால்வைத் திறந்து, கண்ணாடிக் குழாயில் குமிழிகள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் பஸ்ல பிரேக் பிடிக்கணும்னா காத்து இருக்கணும். இதுல காத்தே இருக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

"அங்க காத்துதான் வேலைக்காரன். இங்க காத்து சோம்பேறி. அமுங்கிக் குடுத்துடும். எண்ணெய் அமுங்காது."

நாற்பது தடவையாவது திருப்பியிருப்பாள். குமிழி நின்று எண்ணெய் மட்டும் தெளிவாக ஓடியதும் வால்வை மூடினேன். பிறகு எஞ்சினை இரண்டு கையாலும் பிடித்துப் பலம்கொண்ட மட்டும் தள்ளினேன். சக்கரம் அசையவில்லை. அவள் ஒரு விரலால் சக்கரத்தைத் தொட்டாள். இருநூறு கிலோ எஞ்சின் என் கைக்குள்ளிருந்து நழுவி மெல்லத் திரும்பியது. அவள் திரும்பத் திரும்ப அந்த ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் வரவில்லை என்று சொன்னேன். காரணமும் சொன்னேன். இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு ஜூலை மாதம், என் படகில் கேபிள் அறுந்தது. படகு ஒரே சுற்றாகச் சுற்றி என்னைத் தண்ணீரில் எறிந்தது. அந்த வேகத்தில் தண்ணீர் தண்ணீராக இருக்காது. இடுப்பெலும்பு உடைந்து இன்றுவரை சாய்ந்துதான் நடக்கிறேன். அதிலிருந்து ஊராருக்கெல்லாம் ஸ்டீயரிங் மாற்றிக் கொடுக்கிறேன், வேகப் படகில் மட்டும் ஏறுவதில்லை.

அவள் முழுவதையும் கேட்டாள். ஐயோ பாவம் என்று சொல்லவில்லை.

"நீங்க சமைச்சதை நீங்களே சாப்பிட மாட்டீங்களா?" என்றாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். அக்டோபர் மாதம். கோடைக்காரர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டதால் ஏரி காலியாக, கண்ணாடி போல் கிடந்தது. மிதவைச் சட்டையை இறுக்கிக்கொண்டோம். ஓட்டுகிறவர் தூக்கி எறியப்பட்டால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை அவள் தொடையில் சுற்றி மாட்டிக்கொண்டாள். என் கை கைப்பிடியை விடவே இல்லை.

ஐம்பதில் மூக்கு இறங்கிப் படகு சமமானது. அறுபதில் பக்கவாட்டு நீர்த்திவலைகள் பின்னுக்குப் போயின. எழுபதில் அது வந்தது. வலப்பக்கம் மெல்லத் தாழ்ந்தது, பிறகு இடப்பக்கம். இனி ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும் என்று என் எலும்புக்குத் தெரியும். வேகத்தைக் குறைக்கச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கையைப் பார்த்துவிட்டேன்.

அந்தக் கை சக்கரத்தைப் பிடித்திருக்கவில்லை, அதன்மேல் இருந்தது. அவ்வளவுதான். ஒரு நெல் அகலத்துக்கு இந்தப் பக்கம், ஒரு நெல் அகலத்துக்கு அந்தப் பக்கம். படகு சாய நினைப்பதற்கு முன்பே அவள் விரல்கள் அங்கே போய் நின்றன. ஆட்டம் ஒரு தடவை சிறுத்து, இன்னொரு தடவை சிறுத்து, இல்லாமல் போனது. பத்தொன்பது வருடமாகப் பனியிலும் சரளைக்கல் ரோட்டிலும் ஐம்பத்திரண்டு பிள்ளைகளைத் தூக்கம் கலையாமல் கொண்டுபோன கை அது. அந்தக் கைக்கு ஒருபோதும் குறை இருந்ததில்லை. கை சொன்னது எஞ்சினுக்குப் போய்ச் சேராமல் இருந்தது, அவ்வளவே.

வேகமானி எண்பத்து மூன்று காட்டியது. என் முதுகுக்குப் பின்னால் இருநூற்று இருபத்தைந்து குதிரைகள் முறுக்கிக்கொண்டிருந்தன. என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத குழாயில் ஒரு கோப்பை எண்ணெய் அந்த முறுக்கு முழுவதையும் தாங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ படகுகளுக்கு என் கையாலேயே மாட்டியிருக்கிறேன். அது என்ன செய்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. சுண்ணாம்புப் பாறைகள், சிவந்த ஓக் மரங்கள், துறைகள் எல்லாம் ஓசையில்லாமல் பின்னால் போயின. சத்தத்தைக் காற்று பின்னுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டது. காலடியில் மட்டும் மெல்லிய தட்டல். பூமியைவிட்டு ஒரு விரல் உயரத்தில் போய்க்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. பயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு நான் இதுவரை வைத்திருந்த பெயர் பொருந்தவில்லை.

வளைவைத் தாண்டியதும் தூரத்தில் தண்ணீர் வெள்ளையாக இருந்தது. பனிமூட்டம் என்று நினைத்தேன். ட்வைலா முதலில் கண்டுகொண்டாள். அவசரப்படாமல், கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை இறக்கினாள். படகு ஒரு சிலுப்பலும் இல்லாமல் தண்ணீரில் அமர்ந்தது. எஞ்சினை அணைத்தாள்.

வடக்கிலிருந்து வந்த கூழைக்கடாக்கள். முந்நூறுக்குக் குறையாது. நாங்கள் அசையாமல் மிதந்துகொண்டிருந்தோம். ஏதோ ஒன்று முதலில் எழுந்தது, பிறகு எல்லாம் எழுந்தன. எங்கள் தலைக்கு மேலே அவ்வளவு தாழ்வாகப் போயின. கறுப்பு ஓரம் வைத்த இறக்கைகள் காற்றை அழுத்தும் ஓசை ஒவ்வொன்றாகக் கேட்டது. நிழல்கள் எங்கள் மடியின்மேல் ஓடின. இறக்கையைப் பெரிதாக அடிக்கக்கூட இல்லை. நுனியை இத்தனூண்டு சாய்த்துத் திரும்பின.

கடைசிப் பறவை மலைக்குப் பின்னால் மறைகிறவரை இருவரும் அண்ணாந்தே இருந்தோம். அவள் கன்னம் நனைந்திருந்தது. காற்றினாலும் இருக்கலாம்.

"ஆரின், நான் எம்பதைப் பாத்தேனா?" என்று கேட்டாள். "நான் மீட்டரைப் பாக்கவே இல்ல."

"எம்பத்தி மூணு."

"சரி" என்றாள். எழுந்து, எஞ்சின் கயிற்றைத் தன் காலிலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினாள். "இந்தாங்க. மாட்டிக்கங்க."

நான் மறுக்கவில்லை. அவள் இருக்கைக்கு மாறி, என் தொடையில் அதை மாட்டிக்கொண்டேன். சக்கரத்தில் கை வைத்தேன். இழுக்கப்போகிறது என்று தோளை இறுக்கிக்கொண்டேன். ஒன்றும் இழுக்கவில்லை. போகச் சொன்ன இடத்துக்குப் படகு போனது. ஐம்பத்தைந்துக்கு மேல் ஏற்றவில்லை. அவளும் ஏற்றச் சொல்லவில்லை.

துறைக்கு வந்ததும் அவள் ஏறிப்போய்ப் படகைக் கட்டினாள். நான் சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. படகிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்று ஒன்பது மணிக்குத் திறக்க வேண்டிய பட்டறையைப் பதினொன்றுக்குத்தான் திறந்தேன்.