மாமியார் வாசலுக்குப் போன லாரி

குப்பண்ணனுக்கு வீம்பு அதிகம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அது தெரியாதவர்கள் இல்லை. மாமியார் சாகக் கிடக்கிறாள் என்று சாந்தன்பாறையிலிருந்து தந்தி வந்த அன்று, லாரியை எடுங்கள், இப்போதே மலைக்குப் போய்விடலாம் என்று மயிலாத்தாள் கெஞ்சினாள். கடலை மூட்டை ஏற்றியாகிவிட்டது, பொள்ளாச்சியில் இறக்கிவிட்டு நாளைக்குப் போகலாம் என்றான் புருஷன். பொழுது விடிவதற்குள் அடுத்த தந்தி வந்துவிட்டது. அவள் தனியாகப் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

சாந்தன்பாறை ஏலக்காய்த் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த அவளுடைய அண்ணன் வீட்டில்தான் அம்மாவும் இருந்தாள். காரியத்துக்குப் பஸ்ஸில் போய் நின்ற குப்பண்ணனிடம் மயிலாத்தாள் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"அந்த லாரி எங்கம்மா வாசல்ல வந்து நிக்கட்டுமுங்க. நான் வாரதப் பத்தி அப்பறம் பேசிக்கலாம்."

செத்தவள் வாசலில் லாரியை நிறுத்தி என்ன ஆகப்போகிறது என்று அவன் முறுக்கிக்கொண்டு திரும்பிவிட்டான். ஊர் வந்த வேகத்தில் லாரியைக் களத்து ஓரமாக நிறுத்தியவன் பிறகு தொடவே இல்லை. மூன்று வருஷம் மழையும் வெயிலும் அதன் தலையில்தான். சீட்டுக்குள் எலி குட்டி போட்டது. வீடும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. ஆக்குவான், அரை வயிற்றுக்குத் தின்பான், மிச்சத்தை நாய்க்கு வைப்பான். அவள் இல்லாத வீடு அவனைப் பிடுங்கித் தின்றது. சாயங்காலம் பஸ் வரும் நேரத்துக்கு ரோட்டோரம் போய் நிற்பான். யாராவது கேட்டால் காற்று வாங்க வந்தேன் என்பான்.

எழுபத்து நாலாம் வருஷம் ஆடியில் ஒருநாள் வீம்பு தானாகவே இறங்கிவிட்டது. மண்ணெண்ணெயும் துணியுமாக லாரிக்கு அடியில் புகுந்தான்.

அது ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்கு ஓடி, பிறகு ஏலத்தில் வந்த வண்டி. இன்ஜின் இறுகிக் கிடந்தது. எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டு, கைப்பிடி போட்டுச் சுற்றிச் சுற்றி உள்ளங்கை கொப்புளித்த பிறகுதான் அசைந்தது. கியர் பெட்டியில் ஒரு சக்கரத்துக்குப் பல் போயிருந்தது. கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் நாள்கணக்காகக் கிளறி அதற்கு ஜோடி பிடித்தான். கை பிரேக்குக்கு மட்டும் சாமான் அகப்படவில்லை. இன்னும் காத்திருக்க அவனால் முடியவில்லை.

அந்தக் கியரும் லேசில் பணியாது. கிளட்சை ஒரு தடவை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளட்சை மிதித்தால்தான் கீழ்க் கியர் விழும். அவசரப்பட்டால் ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி பல்லைக் கடிக்கும். கை பழகும்வரை வாய்க்கால் ரோட்டில் ஓட்டிப் பார்த்தான். பொண்டாட்டியைக் கூப்பிடப் போக இத்தனை ஒத்திகையா என்று ஊரே சிரித்தது. அவன் கண்டுகொள்ளவில்லை.

மயிலாத்தாளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுவோம், மற்றது அவள் இஷ்டம் என்று உடுமலை வழியாகப் புறப்பட்டான். மறையூர் டீக்கடையில் பெரியமுத்து என்கிற எஸ்டேட் டிரைவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மலையில் ஓட்டியதுண்டா என்று விசாரித்தார். இதுதான் முதல் தடவை என்றதும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"ஏறுற வண்டிக்குத்தான் வழி, அண்ணாச்சி. எறங்குற பஸ்ஸு ஒதுங்கி நின்னுக்கிடும். நீங்க மட்டும் ஏத்தத்துல நிறுத்திராதீக."

கை பிரேக் இல்லாத வண்டியை ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி கிளப்ப, கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் மூன்றையும் ஒரே நேரத்தில் மிதிக்க மூன்று கால் வேண்டும். குப்பண்ணனுக்கு இருந்தது இரண்டுதான்.

தலையாறு தாண்டிய ஏற்றத்தில் லாரி முதல் கியரில் முனகிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் ஏறியது. எதிரே இறங்கிய பஸ் ஒதுங்கி நின்றது. அதன் ஜன்னலோரம் மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள்.

அவள் லாரியைத்தான் முதலில் பார்த்தாள், பிறகு அவனை. கண்டக்டர் கத்தக் கத்தக் கீழே இறங்கி, பஸ்ஸைச் சுற்றி ஓடி வந்து டிரைவர் பக்கம் கூடவே நடந்தாள்.

"ஏனுங்க, நிறுத்துங்க."

"நிறுத்துனா பின்னால உருண்டுரும் புள்ள."

மூச்சு வாங்க அவள் சொன்னாள். இனிமேல் இருக்க முடியவில்லையாம், வீட்டுக்குத்தான் கிளம்பி வருகிறாளாம், பெட்டி பஸ் மேலே இருக்கிறதாம்.

அவன் கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. அவளே வந்துவிட்டாள், இனி வாசல் எதற்கு, மேலே எங்கேயாவது வண்டியைத் திருப்பி அவளையும் ஏற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாமே என்று மனசு அடித்துக்கொண்டது. அன்றைக்குக் கடலை மூட்டையைக் காட்டிய மனசும் இதே மனசுதான். காலைப் பிரேக் பக்கமிருந்து இழுத்துக்கொண்டான்.

"நீ ஊட்டுக்குப் போ, மயிலு. நான் அத்தை வாசல்ல நிறுத்திப்போட்டு வந்தர்றேன்."

சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினான். சாவியோடு அவன் விரல்களையும் பிடித்துக்கொண்டு அவள் கொஞ்ச தூரம் நடந்தாள். கீழே விசில் சத்தம் விடாமல் கேட்டது. அவள் கையை விட்டாள்.

"அங்க போயி ஹாரன் அடிச்சுப்போடாதீங்க. அம்மாவுக்கு அந்தச் சத்தம் ஆகாது."

அடிக்கமாட்டேன் என்றான். இன்ஜின் இரைச்சலில் அது அவளுக்குக் கேட்டதோ என்னவோ. திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. அதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது.