எழுபத்தொன்றின் மேல் மழை

குடுவைகளைத் தட்டில் அடுக்கும்போது யர்மிலா ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். அதற்குத் தேவையே இல்லை. இன்னும் சற்று நேரத்தில் ஆவியில் வெந்து கூழாகப் போகிறவற்றுக்கு வேர் பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன. ஆனாலும் கை பழகிவிட்டது. விரல் உயரத்தில் உருளைக்கிழங்குச் செடிகள். தெளிந்த ஜெல்லிக்குள் வெள்ளை நூலாக வேர். மூடியின் உட்புறம் மெல்லிய வியர்வை. மாதாமாதம் தளிரைக் கணுக்கணுவாக நறுக்கிப் புதுக் குடுவைக்கு மாற்றி, மண்ணையே காட்டாமல் இருபது வருடத்துக்கு மேலாக அவள் உயிரோடு வைத்திருந்தவை.

ஆய்வுக்கூடத்தின் புதிய தலைவர் ராதிம் கதவருகில் நின்று தொண்டையைச் செருமினார்.

"டாக்டரம்மா, மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடுமா? இந்த அறையை மூடணும், கரன்ட்டை நிறுத்த ஆள் வந்து நிக்கிறாரு."

"நிக்கிறவருக்கு ஒரு காபி குடுங்க. நம்ம காபியைக் குடிச்சா அவரே ஓடிடுவாரு."

ராதிம் சிரித்தார். "மரபணு மாத்தாத ரகத்தை நீங்க வீட்டுக்குக் கொண்டுபோகலாம். தடையில்ல. எழுபத்தொண்ணு மட்டும்தான்..."

"சட்டம் தெரியும் ராதிம். நீங்க பள்ளிக்கூடத்துல ஓடிப்பிடிச்சு விளையாடினப்போவே அதை நான் மனப்பாடம் பண்ணியாச்சு."

அவர் போனதும், பெரிய இரும்புக் குக்கர் போலிருந்த ஆட்டோகிளேவின் கதவைத் திறந்து தட்டை உள்ளே வைத்தாள். மூடவில்லை.

நான்கு நாடுகள் சேர்ந்து செய்த ஆய்வு அது. காட்டு உருளை ஒன்றிலிருந்து கருகல் நோயைத் தாங்கும் மரபணுவை ஸ்காட்லாந்தில் மோரக் பிரித்தெடுத்தாள். இங்கே ப்ரோத் நகரத்தில், நோயென்றால் முதலில் விழுகிற ஒரு ரகத்துக்குள் யர்மிலா அதைச் செலுத்தினாள். முளைத்த நூற்றுக்கணக்கான தளிர்களில் எழுபத்தொன்றாவதுதான் கண்ணாடிக்குள் நோய்க்கு அசையாமல் நின்றது. போர்த்துகலில் க்ராசா அதன் கிழங்கைச் சோதித்தாள். ஃப்ரீஸ்லாந்தில், கடலுக்குப் பக்கத்து வயலில், வீபெ அதை நட்டான். கண்ணாடிக்குள் நிற்பது பெரிதல்ல. திறந்த வெளியில், மழையில், காற்றோடு வரும் நோய்க்கு நிற்க வேண்டும். அந்தக் கோடையில் மழையே வரவில்லை. மழையில்லாததால் நோயும் வரவில்லை. மாற்றியதும் மாற்றாததும் ஒன்றுபோலப் பச்சையாக நின்றன. பணமும் அந்த வருடத்தோடு தீர்ந்தது. எழுபத்தொன்று ஜெயித்ததா தோற்றதா என்று தெரியாமலே அறிக்கை எழுதி முடித்தார்கள்.

அந்தக் கேள்வியைத்தான் அவள் இத்தனை காலம் குடுவையில் வைத்து வளர்த்தாள்.

அறுவடை மாலை மட்டும் நினைவில் அப்படியே இருந்தது. எடைபோட்டு முடித்ததும் மாற்றாத கிழங்கை வேகவைத்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. மாற்றிய கிழங்கும் வேகும், தனி அண்டாவில், முளைக்காதபடி செய்து குழியில் கொட்டுவதற்காக. வீபெயின் கொட்டகையில் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு. க்ராசா ஊரிலிருந்து கொண்டுவந்த ஆலிவ் எண்ணெயைக் கிழங்கின் மேல் தாராளமாக ஊற்ற, வீபெ வெண்ணெய்க் கட்டியோடு வந்து தலையில் அடித்துக்கொண்டான். "கிழங்குக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டுறா பாரு!" யர்மிலாவின் பிளம் சாராயம் ஒரு சுற்று போனதும் மோரக் பாட ஆரம்பித்தாள். நிறுத்தச் சொல்லி எல்லோரும் கெஞ்சினார்கள். மோரக் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. இப்போது பாடினால் யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள்.

செல்பேசி ஒலித்தது. வீபெ.

"என்ன யர்மிலா, கொலை முடிஞ்சுதா?"

"கதவு இன்னும் மூடலை."

"உன் மெயிலைப் பார்த்தேன். துக்கச் செய்தி மாதிரி எழுதியிருக்கே. மாலை அனுப்பணுமா?"

"கிழவா, வேலையில்லைன்னா தோட்டத்துக்குப் போய்க் களை பிடுங்கு."

"எங்கே போறது! மூணு வாரமா மழை. ஊர்ல ஒருத்தன் தோட்டம் பாக்கியில்ல, அத்தனையும் கருகிப் போச்சு. என் கிழங்கு மட்டும்தான்..." அவன் நிறுத்தினான்.

"உன் கிழங்கு மட்டும்?"

"அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு எடுத்து வச்ச மூட்டையிலிருந்து நாலு கிழங்கைக் கோட்டுப் பையில போட்டேன். ஞாபகத்துக்கு. மாத்தாததுதானே, என்ன தப்பு? அதைத்தான் வருஷா வருஷம் நட்டுச் சாப்பிடறேன்."

யர்மிலா முக்காலியில் உட்கார்ந்தாள். மாற்றாத ரகம். மழை வரும் என்று வானொலி சொன்னாலே அழுகிவிடும் என்று மோரக் கேலி செய்த ரகம். அது மூன்று வாரம் மழையில் நிற்கிறதாம். இரண்டு மூட்டைகள் கண்ணுக்குள் வந்தன. மாற்றியதன் வாயில் பச்சைக் கயிறு, மாற்றாததற்கு நீலம். அந்த மஞ்சள் விளக்கில் இரண்டும் ஒரே கறுப்பு.

"வீபெ, இதுக்கு முன்னாடி மழை வந்த வருஷங்கள்ல?"

"ஒரு இலைகூடக் கருகலை."

"அப்போ நாம அன்னிக்குத் தின்னது?"

"க்ராசா மூணு தடவை வாங்கித் தின்னா. எண்ணெய் ஊத்தி."

சிரிப்பு அவளையும் மீறி வந்தது. அவனும் சிரித்தான். பிறகு இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"தெரியாது. ஒரு இலையைக் கிள்ளி யார்கிட்டயாவது சோதிக்கக் குடுத்தா ஒரே நாள்ல தெரிஞ்சிடும். குடுக்கலை. தெரிஞ்சா பிடுங்கணுமே." அவன் குரல் தணிந்தது. "இப்போ உன்கிட்ட உளறிட்டேன். நீ பெத்தது. பிடுங்கச் சொன்னா பிடுங்கிடறேன்."

ஆட்டோகிளேவின் திறந்த வாய்க்குள் குடுவைகள் வரிசையாக நின்றன. மாற்றாத குடுவை மட்டும் தனியே மேசையில், வீட்டுக்குப் போகக் காத்திருந்தது.

"வெளியே போ," என்றாள். "ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாரு. வெள்ளைப் பூசணம் இருக்கா?"

கதவு திறக்கும் சத்தம். ரப்பர் செருப்பு சேற்றில் அமிழ்ந்து எழும் சத்தம். முனகிக்கொண்டே குனிகிறான்.

"சுத்தமா இருக்கு யர்மிலா. குழந்தை காது மாதிரி." அவனே கேட்டான்: "என்ன செய்யட்டும்?"

ராதிம் வாசலில் வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அவள் ஒரு விரலைத் தூக்கினாள்.

"ஃபோனைக் கொஞ்ச நேரம் அங்கேயே பிடி. பேசாதே."

ஒரு கையை இரும்புக் கதவின் கைப்பிடியில் வைத்தபடி காதோடு செல்பேசியை அழுத்திக்கொண்டாள். அந்தக் கோடை முழுவதும் அவர்கள் வானத்தைப் பார்த்துக் காத்திருந்த மழை, அகன்ற இலைகளின் மேல் சடசடவென்று பெய்துகொண்டிருந்தது.