பால் கவர், பல் கவர்

கேட்டை உடைப்பது போல யாரோ தட்டினார்கள். பொழிச்சலூரின் அந்தத் தெருவில் விடிந்ததும் விடியாததுமாக அப்படித் தட்டுகிறவர் ஒருவர்தான். பால் பாக்கெட் போடும் சக்திவேல். அதுவும் மாத முதல் வாரத்தில் மட்டும்.

ஏகநாதன் பனியனோடு வாசலுக்கு வந்தார். பால் காசு அடுத்த வாரம்தான் என்று சொல்லிவிட்டு, ஏன் என்பதையும் விளக்கத் தொடங்கினார். இந்த வீட்டில் ஒவ்வொரு செலவுக்கும் ஒரு கவர் உண்டு. மாதப் பிறப்பில் ரொக்கத்தைப் பிரித்துப் போட்டுவிடுவோம். கவர் காலியானால் அந்தச் செலவும் நின்றுவிடும். இதற்கு நிதி ஒழுக்கம் என்று பெயர்.

"இன்னா சார் கவரு? நான்கூட தெனம் ரெண்டு கவர் போட்டுகினுதான் கீறேன். அதுக்குத்தான் காசு கேக்கிறேன்," என்றான் சக்திவேல்.

ஏகநாதன் சிரிக்கவில்லை. நகைச்சுவைக்கென்று அவரிடம் கவர் கிடையாது.

அடுப்படியில் நின்ற ஜெயஸ்ரீ சிரித்தாள். சிரித்ததற்கு உடனே அனுபவித்தாள். வலது கடைவாய்ப் பல்லில் காற்றுப் பட்டால் காது வரை இழுக்கும். ஆறு மாதமாக இடது பக்கமே மென்று கொண்டிருக்கிறாள். குரோம்பேட்டையில் பல் டாக்டரம்மா, வேர் சிகிச்சை செய்து தொப்பி போட ஒன்பதாயிரம் என்று சொல்லியிருந்தார். தள்ளிப் போட்டால் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அந்த ஒன்பதாயிரம் இந்த மாதத்தோடு சேர்ந்துவிட்டது. வியாழக்கிழமைக்குப் பெயர் கொடுத்தாயிற்று.

கவர் முறை வீட்டுக்குள் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். குரோம்பேட்டையில் ஒரு ஓட்டல் மாடியில் 'வீட்டுக்கு ஒரு நிதி மந்திரி' என்று இலவசக் கூட்டம் நடந்தது. ஹர்ஷா என்று ஒருவர், கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் கவர்களோடு மேடை முழுக்க நடந்தார். ஏகநாதன் போகும்போது கணவராகப் போனார், திரும்பும்போது மந்திரியாக வந்தார். வரும் வழியிலேயே பல்லாவரத்தில் கட்டுக் கவர் வாங்கினார். மலிவாகக் கிடைத்தது மொய்க் கவர்தான். மூலையில் ஒரு ரூபாய்க் காசு ஒட்டி, நடுவில் 'வாழ்க மணமக்கள்' என்று தங்க நிறத்தில் அச்சடித்தது. அந்த மணமக்களுக்குக் கீழே மளிகை, பால், பெட்ரோல், கேஸ், மொய் என்று பொடி எழுத்தில் எழுதினார். 'அன்பளிப்பவர்' என்ற இடத்தை வீணாக்க மனமில்லாமல் எல்லாவற்றிலும் தன் பெயரையும் ஊரையும் நிரப்பினார்.

இவை செலவுக் கவர்கள். இவை தவிர, அதே மொய்க் கவர்களில் சேமிப்பு நிதிகள்: அவசரம், கார், பல். ஜெயஸ்ரீக்கு நகராட்சிப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை. அவள் சம்பளத்திலிருந்து மாதம் ஆயிரத்தைந்நூறு பல் நிதிக்குப் போகும் என்று அறிவித்தார். அவசர நிதியிலிருந்து இப்போதே எடுக்கலாமே என்று அவள் கேட்டாள். பல்வலி முன்கூட்டியே தெரிந்த செலவு, எனவே அது அவசரத்தில் சேராது என்றார். பீரோ சாவி அவர் அரைஞாணில் இருக்கும். ஒவ்வொரு முதல் தேதியும் பல் கவரை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, பின்பக்கம் ஒரு சரிக்குறி போட்டு, உள்ளே வைத்துப் பூட்டுவார். ஒரு கொத்து கொத்தமல்லி கூடுதலாக வாங்கினால் அன்று சோறு தொண்டையில் இறங்காத மனிதர். ஆனால் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஹர்ஷாவின் அடுத்த கட்ட வகுப்பு, அதற்கடுத்த கட்ட வகுப்பு எல்லாவற்றுக்கும் போனார். கம்பெனியே பணம் கட்டுகிறது என்றார். அப்படியும் ஒரு கம்பெனி இருக்கிறதே என்று அவள் வியந்தாள்.

சக்திவேல் கேட்டை விட்டு நகரவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மானம் என்பதும் முன்கூட்டியே தெரியாத செலவுதான் போலும். பெட்ரோல் கவரிலிருந்து கொடுத்துத் தொலைக்கலாம் என்று ஏகநாதன் பீரோவைத் திறந்தார்.

உள்ளே பால் கவர் இருந்தது. நோட்டுகளோடு.

அது அங்கே இருக்கக் கூடாது. முந்தின நாள் படப்பையில் அவருடைய மேலதிகாரி சுந்தர்சிங்கின் மகள் ஜோசலினுக்குக் கல்யாணம். மொய் என்று எழுதிய கவர் மாதத்தின் முதல் முகூர்த்தத்திலேயே காலி. அதனால் இந்த முறை பால் பணத்தை மொய்யாக வைத்துவிடலாம், பால்காரன் காத்திருப்பான் என்று முடிவு செய்திருந்தார். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். கண்ணாடி போடாமல் பீரோவிலிருந்து உருவி, ஓடிக்கொண்டே எச்சில் தொட்டு ஒட்டி, மேடையில் போட்டோவுக்கு நின்று, சுந்தர்சிங் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார்.

சக்திவேலுக்குப் பணம் கொடுத்தாயிற்று. ஜெயஸ்ரீ பீரோ அருகில் வந்து நின்று கவர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். பல் இல்லை.

"பாலுக்கும் பல்லுக்கும் ஒரு கால்தாங்க வித்தியாசம். அது தெரியலையா உங்களுக்கு?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு உட்காருவார் என்று எதிர்பார்த்தாள். கொத்தமல்லிக்கே அந்தப் பாடு என்றால் ஒன்பதாயிரத்துக்கு என்ன பாடு படுவார். ஏகநாதனோ சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டார். போனது போகட்டும் என்றார். மொய் வைத்ததைத் திருப்பிக் கேட்டால் ஊர் சிரிக்கும், அதுவும் மேலதிகாரியிடம். பெரிய மனிதருக்குக் கொடுத்தது வீண் போகாது, பதவி உயர்வாகத் திரும்பி வரும். பல்லுக்கு மறுபடி முதலிலிருந்து சேர்க்கலாம், ஒழுக்கம் இருந்தால் ஆறு மாதம் ஓடியே போய்விடும்.

"உங்க பல்லா இருந்தா ஓடும்," என்றாள்.

வீட்டில் புலி, மேலதிகாரி முன்னால் பூனை. அவள் அவரைப் பற்றி இத்தனை வருஷமாக நினைத்து வந்ததுதான். ஒன்பதாயிரத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, கேட்க நா எழாமல், அதற்குத் தாராளம் என்று பெயர் வைத்துக்கொள்கிற ஆள். நானே போய்க் கேட்கிறேன் என்றாள். அப்போதுதான் அவர் முகம் மாறியது. அந்த வீட்டுப் படியில் காலை வைத்தால் நடப்பதே வேறு என்றார். அவர் மிரட்டலில் எப்போதும் 'வேறு' என்ன என்பது மட்டும் இருக்காது.

அவர் கம்பெனிக்கு ஒரகடம் பஸ்ஸில் ஏறியதும் அவள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். பல்லாவரம், தாம்பரம், பிறகு படப்பை பஸ். முடிச்சூர் தாண்டும்வரை கெஞ்சுவது போல ஒரு வாக்கியம் வைத்திருந்தாள். மணிமங்கலம் ரோடு பிரியும் இடத்தில் அதை மாற்றினாள். தவறிப் போய் வேறு கவர் வந்துவிட்டது, இதோ உங்களுக்குரிய மொய், அதைத் திருப்பிக் கொடுங்கள். இதில் அசிங்கம் என்ன இருக்கிறது? தன் சம்பளம், தன் பல். கைப்பையில் ஆயிரத்தொரு ரூபாய் தயாராக வைத்திருந்தாள், சக ஆசிரியையிடம் கைமாற்று வாங்கியது.

சுந்தர்சிங் வீட்டு வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி வேதசிரோமணி அவளை அடையாளம் கண்டுகொண்டார். வரவேற்றார், ஆனால் கண்ணைப் பார்க்காமல் வரவேற்றார். காபி வந்தது. சூடு பல்லில் பட்டுக் கண்ணில் நீர் கோத்தது. அதைத் துடைக்காமலே, நேற்றுக் கொடுத்த கவரைப் பற்றிப் பேச வந்தேன் என்றாள் ஜெயஸ்ரீ.

வேதசிரோமணி சட்டென்று எழுந்தார். ஹாலில் உறவினர்கள் இருந்தார்கள். அவள் கையைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். ஜெயஸ்ரீ கைப்பையைத் திறந்து ஆயிரத்தொரு ரூபாயை எடுத்து நீட்டினாள். மனப்பாடம் செய்த வாக்கியத்தைப் பாதி சொல்வதற்குள் வேதசிரோமணி அந்தப் பணத்தை அவள் கைப்பைக்குள்ளேயே திணித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தே? எங்க வீட்டுக்காரர்கிட்டக்கூட நான் சொல்லலம்மா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உள்ள ஒண்ணுமே வைக்காம வெறுங்கவரைக் கொடுக்கிற அளவுக்கா வீட்ல கஷ்டம்?"