பஸ்ஸுக்கு மூன்று கள்ள ஓட்டு

என் கணவர் வாசுதேவன் எனக்காகக் கடைசியாகச் செய்த வேலை, சார்ட் பேப்பரில் கட்டம் போட்டுக் கொடுத்தது. கல்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் போடுபவர் அவர். "கோடு நேராத்தான் இருக்கு பிரபா. உன் பசங்க ஒட்டும்போதுதான் கோணும்" என்று சொல்லிப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். மறுநாள் காலை அலுவலக பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை.

இருபது நாள் கழித்துத் திருப்போரூரில் என் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர் ராமானுஜம், "வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வராரும்மா. முடியலன்னா சொல்லுங்க, மூணாம் வகுப்ப வேற டீச்சருக்குக் குடுத்துடறேன். நீங்க ஆபீஸ் ரூம்ல இருங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அந்த அமைதியான அறையை நினைத்தாலே பயமாக இருந்தது. இருபத்தெட்டுப் பிள்ளைகளின் கூச்சல் வேண்டியிருந்தது. "நானே நடத்திடறேன் சார்" என்றேன்.

பாடம், பட்டை வரைபடம். பள்ளிக்கு எப்படி வருகிறாய்? நடையா, பஸ்ஸா, ஆட்டோவா? ஆளுக்கு ஒரு வண்ணத்தாள் சதுரம் கொடுத்தேன். என் கணவர் கட்டம் போட்ட சார்ட்டில், தன் வரிசையில் ஒரு கட்டத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டி முடித்ததும், "இதுல இன்னா தெரியுது?" என்று கேட்டேன்.

"பஸ்ஸு ஜெயிச்சிகீது டீச்சர்" என்றான் ஜெயக்குமார். பஸ்ஸில் வருகிறவன்.

அது உள்ளாட்சித் தேர்தல் முடிந்த மாதம். ஊரில் பார்த்ததைப் பிள்ளைகள் அப்படியே செய்தார்கள். பஸ் கட்சி கைதட்டியது. நடைக் கட்சி தலை குனிந்தது. ஆட்டோவில் வரும் நாலு பேரில் ஒருத்தியான அனு, "எங்களுக்கு டெப்பாசிட்டே போயிடுச்சு" என்று மூக்கை உறிஞ்சினாள்.

இது போட்டியில்லை, கணக்கு என்று நான் எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. கடைசியில், "சரி, கூட்டிப் பாருங்க" என்றேன். நடை பதின்மூன்று, பஸ் பதினாலு, ஆட்டோ நாலு.

முதல் வரிசையில் வேண்டா என்ற சிறுமி விரல்விட்டு எண்ணினாள். "முப்பத்தொண்ணு வருது டீச்சர். நாம இருபத்தெட்டு பேருதான கீறோம்?"

எல்லோரும் சார்ட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கள்ள ஓட்டு போட்டுகீறாங்க" என்றாள் வேண்டா.

விசாரணையில் உண்மை வந்தது. ஜெயக்குமார் ஆளுக்கு ஒரு தேன்மிட்டாய் கொடுத்து, நடந்து வரும் மூன்று பேரை, என் மேஜையில் மிச்சமிருந்த சதுரத்தில் ஒவ்வொன்றை பஸ்ஸிலும் ஒட்ட வைத்திருக்கிறான். மூவரும் இன்னும் சப்பிக்கொண்டிருந்தார்கள். இருபது நாளில் முதல் தடவையாக நான் சிரித்தேன். சிரிப்பை நிறுத்த முடியாமல் மேஜையில் தலையை வைத்துக்கொண்டேன்.

"டேய், டீச்சர அழவுட்டுட்ட" என்று யாரோ ஜெயக்குமாரைத் திட்டினார்கள்.

மூன்று சதுரங்களைப் பிய்த்தோம். பஸ் பதினொன்று ஆனது. உடனே நடைக் கட்சி கைதட்டியது. அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்தது. வியாழனும் அதே பாடம்தான்.

வெள்ளிக்கிழமை அதிகாரி சார்ட்டின் முன் நின்றார். தலைமையாசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி ஜெயக்குமாரைக் கூப்பிட்டு, "இதுல யாருப்பா ஜெயிச்சது?" என்றார்.



ஜெயக்குமார் சார்ட்டை மேலும் கீழும் பார்த்தான். "யாரும் ஜெயிக்கல சார். நடந்து பதிமூணு பேரு வராங்க. பஸ்ஸுல ரெண்டு பேரு கம்மி. அவ்ளோதான்."

"ஆட்டோ?"

"நாலே பேரு. அதுக்கு அனு அழக்கூடாது."

அதிகாரி தலையாட்டிவிட்டு நாலாம் வகுப்புக்குப் போனார். ராமானுஜம் சார் பின்தங்கி, நான் விடுப்பில் போனதிலிருந்து தன்னிடம் வைத்திருந்த வருகைப் பதிவேட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தார். அட்டையில், ஜூன் மாதம் எழுதியபடியே, 'மூன்றாம் வகுப்பு, வா. பிரபாவதி' என்று இருந்தது.