அஃப்சல் சொன்ன பக்குவம்

பெரியண்ணன் கறியைத் தொட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மகள் மஞ்சள் காமாலையில் இழுத்துக்கொண்டு கிடந்தபோது, வடலூர் சபையில் ஜோதி முன்னால் நின்று கொடுத்த வாக்கு அது. மகள் பிழைத்துக்கொண்டாள். வாக்கும் பிழைத்திருந்தது, அந்தத் தைப்பூசத்துக்கு முந்தின நாள் வரை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் மெஸ் ஒன்றைக் காண்ட்ராக்ட் எடுத்து நடத்தும் கேட்டரிங்காரர்களிடம் அவருக்கு வேலை. சைவ அடுப்பு அவருடையது, அசைவ அடுப்பு அஃப்சலுடையது. ஒருத்தர் அடுப்பை மற்றவர் எட்டிப் பார்ப்பதில்லை. டீ மட்டும் பாதிப் பாதி. அன்றைக்கு அஃப்சல் லீவு. மனைவி ருக்சானாவுக்குப் பிரசவ வலி என்று கடலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தான்.

மேனேஜர் குஞ்சிதபாதம் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார். அந்த மனுஷன் உள்ளே வரமாட்டார். சட்டையில் வாசனை ஒட்டிக்கொள்ளுமாம்.

“மத்தியானம் மெட்ராஸ்லேருந்து பெரியவங்க வராங்க. சிக்கன் பிரியாணி. கோழி ஃப்ரிட்ஜ்ல இருக்கு.”

“அஃப்சல் இல்லீங்களே சார்.”

“நீ இருக்கியே.”

“நான் கை வைக்கமாட்டங்க சார். வேலைக்குச் சேரும்போதே சொல்லிட்டுதான் சேந்தேன். நாளைக்குப் பூசங்க. வேற எது சொன்னாலும் செய்யிறேன்.”

குஞ்சிதபாதம் கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

“உன் சாமிய நான் ஒண்ணும் சொல்லல பெரியண்ணா. அடுத்த மாசம் உன் கேட் பாஸ் முடியுது. புதுசுக்கு நாந்தான் கையெழுத்துப் போடணும். யோசிச்சுக்க.”

ஐம்பது வயசில் யோசிக்க என்ன இருக்கிறது? உரலுக்குள் தலையை விட்டாயிற்று, உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா? அவமானத்தில் அவருக்குக் காது எரிந்தது. அஃப்சலுக்குப் போன் போட்டார்.

“ஐயையோ, என்னாலதாண்ணே உங்களுக்கு இந்தக் கஷ்டம்,” என்று பதறினான் அஃப்சல். “அழுவாதீங்கண்ணே. நான் லைன்லயே இருக்கேன். மசாலா வதக்கி, தயிர் ஊத்தி, கறி போடுறதுக்கு முன்னாடியே உப்பப் பாத்துருங்க. நாக்குல கறி படாது. அப்பறம் வாசனைய வெச்சிக்கினே எறக்கிடலாம்.”

பெண்டாட்டி உள்ளே வலியில் துடித்துக்கொண்டிருக்க, புதினா எப்போது, தம் எப்போது என்று தன் கைப்பக்குவம் ஒன்று விடாமல் சொன்னான் அந்தப் பிள்ளை. இங்கே பெரியண்ணனின் வாய் ஜோதியைக் கூப்பிட்டது, கை துண்டங்களை அண்டாவில் போட்டது.

வந்த பெரியவர்களுக்கு வயிறும் பெரிதுதான். மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அன்றைக்கு முதல் தடவையாகக் குஞ்சிதபாதம் சமையற்கட்டுக்குள்ளேயே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பிரமாதம் பெரியண்ணா! ரெண்டு அடுப்பையும் நீயே பாத்துக்கலாம் போலிருக்கே. எதுக்கு தண்டத்துக்கு இன்னொரு ஆள்? அஃப்சல இனிமே வரவேணாம்னு சொல்லிடுறேன்.”

“சார், சார்... அவன் போன்ல சொல்லச் சொல்லத்தாங்க செஞ்சேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

“அதான் சொல்லிக்குடுத்துட்டான்ல,” என்று பல்லைக் குத்திக்கொண்டே வெளியே போனார் குஞ்சிதபாதம்.

பெரியண்ணன் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாக்குப் போனதற்கு ஜோதியிடம் மன்னிப்புக் கேட்கலாம். இதற்கு யாரிடம் போய்க் கேட்பது? போன் அடித்தது.

“அண்ணே, பொண்ணு பொறந்திருக்குண்ணே! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.” அஃப்சலின் குரல் துள்ளியது. “உப்பு சரியா இருந்துச்சா?”

பெரியண்ணன் காலி அண்டாவை மூடி வைத்தார்.

“சரியா இருந்துச்சுப்பா,” என்றார்.