ஆகுன்னா நில்லு

எங்கள் கேனோ படகுச் சங்கத்தில் பாதுகாப்புப் பொறுப்பை என் தலையில் கட்டியதற்கு ஒரே காரணம், எனக்குக் கோபம் வரும் என்பதுதான். சித்தூர் மாம்பழக்கூழ் தொழிற்சாலை ஒன்றில் பகல் ஷிப்டைப் பார்த்துக்கொள்கிறவள் நான். கையுறை போடாமல் யாராவது மிஷின் பக்கம் போனால் கத்திவிடுவேன். அதைக் கேள்விப்பட்ட சங்கத் தலைவர் சாந்தகுமார் அண்ணன், "கேசியா, அந்தக் கத்தல கொஞ்சம் ஏரிக்கரையில வந்து கத்தும்மா" என்றார். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

லைஃப் ஜாக்கெட் மாட்டாதவனுக்குத் துடுப்பு கிடையாது. எனக்கு நீச்சல் தெரியும் என்று மார்தட்டுகிறவனுக்கும் கிடையாது. காய்ச்சல், காதுவலி என்றால் பேசாமல் வீட்டுக்குப் போ. ஏரி நிரம்பி வழிகிற கலங்கல் பக்கம் யாரும் போய்விடாதபடி, குறுக்கே கயிறு கட்டி நீல ட்ரம்களை மிதக்கவிட்டதும் நான்தான். "ஏரிக்கே தாலி கட்டிட்டியேம்மா" என்று அண்ணன் கிண்டலடித்தார். அடித்தால் அடித்துக்கொள்ளட்டும்.

எங்கள் சங்கத்திலேயே நன்றாகத் துடுப்புப் போடுகிறவள் கல்பனா. குடிபாலா பக்கத்துப் பெண், காலேஜ் படிக்கிறாள். அவளையும் அவள் ஜோடி கலைவாணியையும் திருப்பதியில் நடக்கும் பயிற்சி முகாமுக்கு எடுத்திருந்தார்கள். கலைவாணி வீட்டில் சரி என்றுவிட்டார்கள். கல்பனாவின் அம்மா செங்கம்மா மட்டும், கண்ணால் பார்க்காமல் அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பார்க்கட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னோம். நான் சர்ச் முடிந்து நேராக ஏரிக்கு வந்தபோது, அவள் ஏற்கெனவே கரையில் நின்று தண்ணீரை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இம்மாந் தண்ணி கீதே! எம்பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சின்னா யாரும்மா பொறுப்பு?"

"நான்தான் பொறுப்பு" என்றேன். கல்பனா என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்தாள். இன்று அம்மா மனம் மாறாவிட்டால் இனி எப்போதும் மாறாது என்று அவளுக்குத் தெரியும்.

கல்பனாவும் கலைவாணியும் படகில் ஏறினார்கள். ஐயோ, என்ன அழகாகப் போனார்கள்! செங்கம்மாவே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். மழை பெய்து ஓய்ந்திருந்த வாரம் அது. கலங்கலில் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தது. அம்மா பார்க்கிறாள் என்ற ஜோரில் எல்லைக் கம்பத்தையும் தாண்டிக் கலங்கல் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். கரையில் நின்ற பயிற்சியாளர் ரமணா பதறிப்போனான். திருப்பதிக்காரன், வீட்டில் தெலுங்கு. இந்தப் பெண்களிடம் எப்போதும் தமிழில்தான் பேசுவான். பதற்றத்தில் தாய்மொழிதானே வரும்?

"ஆகு! ஆகு!" என்று கத்தினான். தெலுங்கில் 'நில்' என்று அர்த்தம்.

பெண்களுக்குத் தெலுங்கு தெரியாதா என்ன, பள்ளிக்கூடமே தெலுங்கில்தான். ஆனால் எதிர்க்காற்றில் அது அவர்கள் காதில் 'ஆவட்டும், ஆவட்டும்' என்று விழுந்திருக்கிறது. சீக்கிரம் ஆகட்டும் என்று விரட்டுகிறான் என நினைத்து இன்னும் வேகமாகத் துடுப்புப் போட்டார்கள். அவன் கத்தக் கத்த இவர்கள் பறந்தார்கள்.

நான் விசிலை எடுத்து மூச்சு உள்ளவரை ஊதினேன். விசிலுக்கு ஏது தமிழும் தெலுங்கும்? சட்டென்று துடுப்பைத் திருப்பிப் போட்டார்கள். படகு பக்கவாட்டில் திரும்பி, ஆடி, கவிழ்ந்தது. செங்கம்மா போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஜாக்கெட் தூக்கிவிட, இரண்டு தலைகளும் உடனே மேலே வந்தன. நான் கட்டிய ட்ரம் கயிற்றை நான்கு கைகளும் பிடித்துக்கொண்டன. நான் மீட்புக் கயிற்றை வீசினேன். ரமணாவும் நானும் இழுத்துக் கரை சேர்த்தோம். ஒரு கீறல் இல்லை.

சாந்தகுமார் அண்ணன் அசட்டுச் சிரிப்போடு செங்கம்மாவிடம் வந்தார். "பயப்படாதம்மா, இது ட்ரில்லு. எப்பிடிக் காப்பாத்தறோம்னு ஒனக்குக் காட்டத்தான் வேணும்னே கவுத்தாங்க."

செங்கம்மா என் பக்கம் திரும்பினாள். "அப்பிடியாம்மா?"

தலையை ஆட்டியிருந்தால் போதும், கல்பனா திருப்பதிக்குப் போய்விடுவாள். அவள் நனைந்த முகத்தோடு, 'ஆமாம்னு சொல்லுங்கக்கா' என்று கண்ணாலேயே கெஞ்சினாள். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. இன்றைக்கு நடந்ததை ட்ரில் என்று மூடினால், நாளைக்கும் ரமணா அதே 'ஆகு'தான் கத்துவான்.

"ட்ரில்லும் இல்ல, ஒண்ணும் இல்ல. தப்பு நடந்துபோச்சி. நில்லுன்றதுக்கு எந்த வார்த்தன்னு நாங்க முன்னாடியே பேசி வெச்சிருக்கணும். வெக்கல. அது என் வேலதான்" என்றேன். சாந்தகுமார் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

செங்கம்மா நேராக மகளிடம் போய், "ஏண்டி, ஆகுன்னா நில்லுன்னு தெரியாது ஒனக்கு? நைனா கட்டின பீஸெல்லாம் தண்டமா?" என்று அதட்டினாள்.

"நீதானே வூட்ல விடிஞ்சா போதும், 'ஆவட்டும் ஆவட்டும்'னு வெரட்டிக்கினே இருக்கறே! எனக்கு அதாம்மா கேட்டுச்சி!"

ரமணாதான் முதலில் சிரித்தான். அப்புறம் செங்கம்மாவுக்கும் அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள், சிரிப்பு நின்றதும் என்னிடம் வந்தாள்.

"அந்த அண்ணன் சொன்னதுக்கு நீ ஆமாம் போட்டிருந்தா, இப்பிடியே இவ கையப் புடிச்சி இஸ்துக்கினு போயிருப்பேன். கயித்த வீசறப்போ நீ நடுங்கினத நான் பாத்துக்கினுதாம்மா இருந்தேன்." மகளின் ஜாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்து, கழன்றுவிடுகிறதா என்று பலமாக இழுத்துப் பார்த்தாள். "திருப்பதிக்கு நீயும் கூடப் போறியா?"

"போறேன். அங்க இருக்கறவங்க கிட்டயும் கத்துவேன்."

"அப்ப போவட்டும். மொதல்ல ஈரத்த மாத்திக்கினு எதுனா துன்னுடி."

கல்பனா ஈரத்தோடு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ஐய, பொடவ நனையுதுடி" என்று திட்டிக்கொண்டே செங்கம்மா அவளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.