டத்தோ பரஞ்சோதியின் கார்

கெடா மாநிலத்தின் வரலாற்றை டத்தோ பரஞ்சோதிக்கு முன், பரஞ்சோதிக்குப் பின் என்று இரண்டாகப் பிரிக்கலாம். பிரித்தவர் அவருடைய மகன் சில்வெஸ்டர். வேறு யாரும் அந்த வேலையை எடுத்துக்கொள்ளவில்லை.

ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவுகிறவர்களின் கூலிக்காகத் துரைமார்களோடு மல்லுக்கு நின்று, பிறகு அமைச்சராகி, டத்தோ பட்டம் பெற்று, கோட்டுப் போட்டுக்கொண்டு மறைந்த மனிதர் பரஞ்சோதி. அவர்கள் ஊரான பண்டார் பாருவில் ஒரு சாலைக்காவது அவர் பெயர் வந்துவிட வேண்டும் என்பது மகனின் தவம். நூற்றாண்டு விழாவுக்குக் கூட்டம் வரட்டும், பார்க்கலாம் என்று சட்டமன்ற உறுப்பினர் நழுவியிருந்தார். கூட்டம் சேர்க்கச் சில்வெஸ்டர் அப்பாவின் வேலைநிறுத்த உரைகளை முகநூலில் போட்டார். விருப்பம் போட்டது அவர் மனைவி பேட்ரிசியா மட்டும். அதுவும் கை தவறிப் பட்டது.

சலித்துப்போய் ஒரு வெள்ளிக்கிழமை, அப்பா தம் பழைய வால்வோவில் சாய்ந்து நிற்கும் படத்தைப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கைப்பேசியைத் திறந்தால், தோட்டம் தோட்டமாக அதே படம். ‘டத்தோ எங்களைக் கைவிடவில்லை’ என்று எழுதி, கும்பிடும் கைகள் வேறு.

“பாத்தியா, சனங்க மறக்கல,” என்றார் சில்வெஸ்டர்.

“இவ்ளோ நாளு எங்க இருந்தாங்களாம்?” என்றாள் பேட்ரிசியா.

விழா மண்டபம் பிதுங்கியது. யான், பெண்டாங் ஊர்களிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்திருந்தார்கள். சில்வெஸ்டர் தொழிற்சங்க வரலாற்றின் மூன்றாம் கட்டத்தை எட்டியபோது, முன்வரிசையிலிருந்து பாப்பம்மா என்ற தோட்டத்து அம்மாள் எழுந்தார்.

“அண்ணே, குறுக்க பேசுறேன்னு நெனைக்காதீங்க. டத்தோ வேற காடி ஏதும் ஓட்டினாரா?”

“ஏம்மா?”

“அந்த வால்வோ நம்பருதான சனிக்கெழம குலுக்கல்ல மொதப் பரிசு அடிச்சுச்சு. செத்த பெரிய மனுசங்க காடி நம்பரு வீண்போகாதுலா. இங்க கெடாவுலதான் நம்பர் கடைய மூடிட்டாங்களே, ஆத்தத் தாண்டி பாரிட் புந்தார் போயி எங்க லயத்துல எல்லா வீடும் அந்த நம்பர எடுத்துச்சு.”

அப்பா போராடியது எதற்காக என்று சில்வெஸ்டர் கனத்த குரலில் விளக்கினார். சபை பொறுமையாகக் கேட்டது. அப்பா பிறந்த தேதியைச் சொன்னபோது எல்லாத் தலைகளும் கைப்பேசியில் குனிந்தன. சட்டமன்ற உறுப்பினரின் தலையும்தான். நிமிர்ந்தவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, சாலைக்குப் பெயர் வைக்கத் தாமே முன்னின்று பேசுவதாக அறிவித்தார். கைதட்டல் ஓய்ந்ததும், கல்லறை எண் என்ன என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். அது புனிதமானது, வெளியே சொல்வதற்கில்லை என்று சில்வெஸ்டர் மறுத்துவிட்டார்.

மறுநாள் அவரே பாலம் தாண்டிப் போய் அந்த எண்ணை எடுத்தார். ஆறுதல் பரிசுகூட விழவில்லை.